எழும்பூரிலிருந்து வெளியே வரும் பிள்ளைகளுக்கு

எழும்பூர் கவின்கலைக் கல்லூரியில் படிப்பை முடித்து, முதல் கண்காட்சிக்கு இடம் தேடி அலைகிறீர்கள். நாற்பது வருடமாகச் சென்னையில் படம் வரைந்து விற்றுப் பிழைத்தவன் சொல்கிறேன், கேளுங்கள்.

1. வயிற்றுப்பாட்டைப் படத்தின் தலையில் கட்டாதீர்கள். 1960களில் இந்த ஊரில் நவீன ஓவியம் வாங்க ஆள் அரிது. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் பாத்திக் துணி செய்து விற்றார்கள். அந்தக் காசில்தான் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி, 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உண்டாக்கினார்கள். மெழுகும் சாயமும் சோறு போட்டதால், வாங்குகிறவர் முகம் பார்த்து வரைய வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. சினிமாவுக்கு செட் போடுங்கள், பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருங்கள். கூச்சமே வேண்டாம்.

2. விலையை மெதுவாக ஏற்றுங்கள். 2008க்கு முந்தைய சில வருடங்களில் படத்தைப் பார்க்காமலே, பெயரையும் அளவையும் மட்டும் கேட்டு வாங்கினார்கள். சதுர அங்குலத்துக்கு இவ்வளவு என்று பேரம் நடந்தது. நானும் விலையை மூன்று மடங்காக்கினேன். 2008இல் உலகச் சந்தை சரிந்ததும் அப்படி வாங்கியவர்கள் ஒருவரும் திரும்பி வரவில்லை. விலையை இறக்கினால் முன்பு வாங்கியவருக்குத் துரோகம். இறக்காவிட்டால் விற்பனை கிடையாது. ஐந்து வருடம் என் படங்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றன.

3. கேலரியில் ஒரு விலை, ஸ்டுடியோவில் ஒரு விலை என்று விற்காதீர்கள். கேலரிகள் பாதி வரைகூடக் கமிஷன் எடுக்கும், வலிக்கத்தான் செய்யும். ஆனால் இரண்டு விலை என்று தெரிந்தால் ஊரில் யாருமே முழு விலை தரமாட்டார்கள். அதே சமயம், கொடுத்த படங்களுக்குப் பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வாங்காமல் விட்டேன், ஒரு கேலரி மூடியபோது என் ஏழு படங்கள் போயின.

4. சொந்தமாக வரைந்த படத்தை விற்றாலும், எழுதிக் கொடுக்காதவரை பதிப்புரிமை உங்களுடையது. மூலப்படம் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால் ஓவியர் பங்கு கேட்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் இடம் உண்டு. எதை, யாருக்கு, எப்போது விற்றோம் என்று நோட்டில் குறித்து வையுங்கள். குறிப்பு இல்லாமல் எதைக் காட்டிக் கேட்பீர்கள்?

5. கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியில் அடுத்தவர் கண்காட்சி நடந்தால் போங்கள்.

6. சின்னதாகவும் வரையுங்கள். ஓவியர் ஆதிமூலத்தின் கோடுகளைப் பத்திரிகையிலும் புத்தக அட்டையிலும் பார்த்துப் பழகிய தமிழ் வாசகர்கள் எத்தனை பேர்! சம்பளக்காரர் வீட்டுச் சுவரில் படம் ஏறினால்தான் இந்த ஊர்ச் சந்தை நிற்கும். பங்குச்சந்தை விழுந்த காலத்திலும் என்னிடம் வந்தவர் ஒரு வங்கிக் குமாஸ்தா அம்மா. ஒரு கோட்டோவியத்துக்குப் பத்து மாதம் தவணை கட்டினார். போன மாதம் அவர் மகள் வந்து, தன் வீட்டுக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டாள்.