கூட்டமும் குணமும்

'நான் யார்?' என்று ஒருவன் தன்னைக் கேட்டுக்கொண்டால், அவனுக்குக் கிடைக்கும் விடையில் பெரும்பகுதி 'நான் எவரைச் சேர்ந்தவன்?' என்பதாகவே இருக்கும். மனோதத்துவ நூலார் இதனைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வந்திருக்கின்றனர். வியாபாரிகளாகிய நாமோ கல்லாவில் அமர்ந்தபடியே இதனை நாள்தோறும் காண்கிறோம்.

கோலசிலாங்கூர்ப் பட்டணத்தில் கடை வைத்திருக்கும் நம்மவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மலாய் அன்பர்களுக்கு அவர் 'மாமாக்'. புக்கிட் ரோத்தானிலிருந்தும், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தையிலிருந்தும் சாமான் வாங்க வரும் தோட்டத்து மக்களுக்கு அவர் 'பாய்'. நம்மவர் கூடுமிடத்தில் கடையநல்லூரார், பனைக்குளத்தார், முத்துப்பேட்டையார் என்று ஊர்ப்பெயர். அரசாங்கப் பாரத்திலோ 'இந்தியர்'. ஆள் ஒருவர்தாம், ஆயினும் நான்கு இடங்களிலும் அவருடைய பேச்சும் நடையும் ஒன்றாக இருப்பதில்லை. எந்தப் பெயரால் அழைக்கப்படுகிறாரோ அந்தப் பெயருக்குரிய மனிதராகிவிடுகிறார். இதில் வஞ்சகம் ஏதுமில்லை. மனித இயல்பே அதுதான்.

இவ்வியல்பைப் பரீட்சித்துப் பார்த்தவர் ஹென்றி தாஜ்ஃபெல் என்பவர். போலந்தில் பிறந்த யூதரான அவர், பிரெஞ்சுப் படையில் சேர்ந்து ஜெர்மானியரிடம் போர்க்கைதியானார். தம் போலந்துப் பிறப்பை மறைத்தே உயிர் தப்பினார். ஒரு பெயர் ஒருவனை வாழவைக்கும், கொல்லவும் செய்யும் என்பதை அவர் நூலில் படித்து அறியவில்லை. பிற்காலத்தில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 14, 15 வயதுப் பள்ளிச் சிறுவர்களை அழைத்து, அற்பக் காரணம் சொல்லி இரு கூட்டமாகப் பிரித்தார். இந்த ஓவியரை விரும்புவோர் ஒரு பக்கம், அந்த ஓவியரை விரும்புவோர் மறுபக்கம், அவ்வளவுதான். தம்மோடு இருப்பவர் எவர் என்றுகூடச் சிறுவர்களுக்குத் தெரியாது. பிறகு காசாக மாற்றத்தக்க புள்ளிகளைப் பிறருக்குப் பங்கிடச் சொன்னார். தமக்கென எதுவும் எடுத்துக்கொள்ள வழியில்லை.

1971இல் வெளியான அந்த ஆராய்ச்சியின் முடிவை வியாபாரிகள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஒரு பட்டியலின் ஒரு கோடியில் தன் கூட்டத்தானுக்கு 19, மற்றவனுக்கு 25. மறுகோடியில் தன் கூட்டத்தானுக்கு 7, மற்றவனுக்கு 1. பங்கிடுவோனின் கூட்டத்துக்கு எது லாபம்? 19 தான். ஆனால் சிறுவர்களின் கை 7இன் பக்கமாகவே சாய்ந்தது. தன்னவன் அதிகம் பெறுவதைவிட, அயலானைக் காட்டிலும் அதிகம் பெறுவதையே அவர்கள் பெரிதாக மதித்தனர். நம் கடைத்தெருக்களில் இக்கணக்கு நடப்பதில்லை என்று எவரேனும் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? வேலை தெரிந்த வேற்றூர்ப் பையனை விட்டுவிட்டு, தெரியாத சொந்த ஊர்ப் பையனைக் கல்லாவில் உட்காரவைப்பது 7ஐத் தேர்ந்தெடுப்பதல்லவா? அயலூர்க்காரர் பக்கத்தில் கடை திறந்துவிடக் கூடாதென்று, கட்டுப்படியாகாத வாடகைக்கு அவ்விடத்தையும் தாமே எடுத்துப் பூட்டி வைப்பதும் அதே கணக்குத்தான்.

எனினும் கூட்டம் மனிதனைச் சிறுமைப்படுத்துவது மட்டுமன்று, நிமிர்த்தவும் செய்கிறது. அதற்குச் சாட்சி சிலாங்கூர்த் தோட்டங்களே. 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு வேறு சில கோரிக்கைகளும் இருந்தன. கள்ளுக்கடைகளை மூடவேண்டும். உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழியவேண்டும். கூலிக்கு நிகராகச் சைக்கிளும் இடம்பெற்றதைப் பாருங்கள்! அதுவரை தனியாக வந்தவன் இறங்கினான். 'இந்தத் தோட்டத்து ஆள்', 'இன்ன கங்காணியின் ஆள்' என்றே தன்னை எண்ணியிருந்தான். சங்கம் கண்டு, 'இந்தியத் தொழிலாளி' என்று எண்ணத் தொடங்கியபின் அவனுக்கு இறங்க மனம் வரவில்லை. அரசாங்கம் பட்டாளத்தைக் கொண்டுவந்தது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. நாதன் நாடு கடத்தப்பட்டார்.

பெயர்கள் நிலையானவையும் அல்ல. 1917இல் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமாக ஆன பத்தாங் பெர்ஜுந்தைத் தோட்டத்துக்குத் 'தென்னமரம்' என்று பெயர். பனையை நட்டபின்னும் தென்னை பெயரில் நிற்கிறது! மனிதக் கூட்டங்களின் கதையும் விசித்திரமானதே. 1766இல் கோலசிலாங்கூரில் அரியணை ஏறிய முதல் சுல்தான் சலேஹுத்தீன் பூகிஸ் வழிவந்தவர். தஞ்சோங் காராங் நெல்வயல்களைத் திருத்தியவர்களில் பஞ்சார், ஜாவா மக்கள் பலர். பழைய குடிக்கணக்குகள் இவர்களைத் தனித்தனியே எழுதின. இன்று இவர்களின் சந்ததியார் மலாய்க்காரர். 1957ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 160ஆம் பிரிவு, இஸ்லாத்தைப் பின்பற்றி, வழக்கமாக மலாய் பேசி, மலாய் வழக்கத்தை அனுசரிப்பவரை மலாய்க்காரர் என்கிறது. மெர்டேக்கா நாளுக்கு முன்பிருந்தே இம்மண்ணோடு தொடர்பு இருக்கவேண்டும் என்பதும் விதி.

இங்கேதான் நம் வீட்டுப் பிரச்சினை வருகிறது. மூன்று நிபந்தனைகளில் முதலாவது நம்மிடம் பிறவியிலேயே உள்ளது. மற்ற இரண்டும் ஒரு தலைமுறையில் வந்துவிடக் கூடியவை. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவர் 'இந்தியர்', மற்றவர் 'மலாய்' என்று பதிவான குடும்பங்கள் நம்மில் உண்டு. அப்படிப் பதிந்தவரைத் தூற்றுவது நம் நோக்கமன்று. பூகிஸ் மக்கள் கடந்த வழியே அதுவும். ஆயினும் மேலே கண்டபடி, பெயர் பாரத்தோடு நிற்பதில்லை. தோட்டத்துப் பாட்டி தமிழில் உப்பு கேட்க, புரிந்தும் புரியாதவன்போல் மலாயில் விலை சொல்லும் பையன் எந்தக் கடையிலும் உருவாகலாம். அவன் தந்தையின் கடையை வளர்த்தது அந்தப் பாட்டியின் பற்றுக் கணக்குத்தான்.

பிள்ளையின் பிறப்பைப் பதியப் போகுமுன் இனம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது, வீட்டில் எம்மொழி பேசுவது என்பதைக் கணவனும் மனைவியும் பெரியவர்களும் அமர்ந்து பேசிக்கொள்வது நலம். அலுவலக வரிசையில் நின்றுகொண்டு, பின்னாலிருப்பவர் அவசரப்படுத்த, அந்த நிமிஷத்தில் தீர்மானிப்பவர்கள் நம்மில் அநேகர்.