பழைய துப்பாக்கி வாங்குவோர் கவனிக்க வேண்டிய குற்றங்கள்

காட்டோரங்களிலும் மலையடிவாரங்களிலும் நிலக்கடலை, சோளம், மரவள்ளி, வாழை முதலியவற்றைப் பயிரிடும் நிலச்சுவான்தார்கள் சிலர், பயிர்க்காவலுக்கென லைசென்ஸ் பெற்றுத் துப்பாக்கி வைத்திருப்பது நெடுங்கால வழக்கம். புதுத் துப்பாக்கியின் விலை மிகுதியாகையால், காலஞ்சென்ற உறவினர் வைத்திருந்ததையோ அயலூரார் விற்பதையோ வாங்குவோர் பலர். உழவுமாடு வாங்குகையில் பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்து, ஏரில் பூட்டியும் பார்க்கும் குடியானவர், துப்பாக்கி வாங்குகையில் மட்டும் விலையைப் பேசி முடித்துவிடுவதுண்டு. மாட்டின் குற்றம் ஒரு பருவத்து உழவைக் கெடுக்கும். துப்பாக்கியின் குற்றமோ சுடுகிறவனுடைய கையையும் கண்ணையும், பக்கத்தில் நிற்பவனுடைய உயிரையும் கொண்டுபோகும். ஆதலின் அக்குற்றங்கள் எவை, அவற்றை அறிவது எங்ஙனம், கண்டபின் செய்யத்தக்கது யாது என்பன இங்கே கூறப்படுகின்றன.

முதற் காரியம்

எந்தத் துப்பாக்கியையும் மருந்து ஏற்றப்பட்டதாகவே எண்ணிக் கையாள வேண்டும். “பத்து வருஷமாகச் சுவரில் தொங்குகிறது, வெறுங்குழல்தான்” என்று விற்பவர் சொல்லுவதை நம்பலாகாது. தந்தை ஏற்றிவைத்ததை மகன் அறியாதிருத்தல் கூடும். குழலின் வாயை ஆளில்லாத திசையிலே வைத்து, விசையில் விரல் படாமல், பின்புறம் திறக்கும் துப்பாக்கியாயின் திறந்து பார்த்துத் தோட்டா இல்லையென்று கண்ணாலும் விரலாலும் அறிதல் வேண்டும். இப்பரிசோதனையைத் துப்பாக்கி விற்பனைக்கு லைசென்ஸ் பெற்ற கடையில், உடையவர் முன்னிலையில் நடத்துவதே உத்தமம்.

வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியில் உள்ளே பார்க்க வழியில்லை. முதலில் காம்பின் மேல் கேப்பு இல்லையென்று காண வேண்டும். பின்பு, குழல்வாய்க்கு நேரே முகமோ கையோ வராதபடி பக்கவாட்டில் நின்று, சலாகையை மெல்ல உள்ளே இறக்கி, வாயருகே அடையாளமிட்டு வெளியே எடுத்து, குழலின் புறத்தே வைத்து அளக்க வேண்டும். சலாகை கேப்புக் காம்பின் அருகு வரை எட்டினால் குழல் வெறுமை. அதற்கு முன்னே நின்றுவிட்டால் உள்ளே மருந்தோ அடைப்போ இருக்கிறதென்று கொள்க. அதை வெடித்துத் தீர்க்க முயலுதல் பெரும்பிழை. காவல் நிலையத்துக்குத் தெரிவித்து, லைசென்ஸ் பெற்ற துப்பாக்கித் தொழிலாளியைக் கொண்டே அதனை நீக்குவிக்க வேண்டும்.

குழல்

வெறுமையென்று உறுதியான பின், திறந்த குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நோக்குக. நல்ல குழலின் உட்புறம் கண்ணாடிபோல் விளங்கி, ஒளிவட்டங்கள் ஒழுங்காகத் தோன்றும். ஓரிடத்தில் நிழல் வளையம் தெரியுமாயின், அங்கே குழல் முன்னொருகால் அடைப்புற்றுப் புடைத்திருக்கிறது என்பது பொருள். வெளிப்புறத்தை விரல்களால் தடவினாலும் அப்புடைப்புப் புலப்படும். அம்மைத்தழும்புபோன்ற துருக்குழிகள் தோட்டா நிற்கும் அடிப்பாகத்தில் ஆழமாக இருப்பின் அக்குழலைத் தள்ளிவிட வேண்டும். வெடியின் அழுத்தம் மிகுவது அவ்விடத்தேயாகும்.

தூலத்தில் தொங்கும் குழலுக்குள் குளவி மண்கூடு கட்டுதல் உண்டு. வரப்பில் இடறி விழுகையில் வாயில் சேறு புகுதலும் உண்டு. இவ்வளவு சிறிய அடைப்பே குழலைப் பிளக்கப் போதும். ஆகவே ஒவ்வொரு முறையும் தோட்டா இடுமுன் குழலினூடே வெளிச்சம் காண்பது கட்டாயம்.

இரும்பும் எஃகும் முறுக்கிச் செய்த, மேலே அலைபோன்ற கோடுகள் தோன்றும் டமாஸ்கஸ் குழல்கள் பழைய துப்பாக்கிகளில் காணப்படும். அவற்றுட் பெரும்பாலன கருமருந்துக்கென்றே செய்யப்பட்டவை. இக்காலத்துப் புகையில்லா மருந்துத் தோட்டாவை அவற்றில் இடுதல் ஆகாது. இங்கிலாந்தில் 1813-ஆம் வருஷத்துச் சட்டப்படி குழல்களைச் சோதித்து முத்திரையிடுவது கட்டாயமாயிற்று. எந்த மருந்துக்குச் சோதிக்கப்பட்டது என்பதை அம்முத்திரையிலிருந்து தேர்ந்த தொழிலாளி அறிந்து சொல்லுவான். முத்திரையே இல்லாத குழலை வாங்காதிருத்தல் நலம்.

கீலும் பூட்டும்

குழலை மூடிப் பூட்டியபின் அடிப்பாகத்துக்கும் பின்சுவருக்கும் இடையே வெளிச்சம் தெரிதல் கூடாது. முன்கட்டையைக் கழற்றி, குழலைப் பிடித்து ஆட்டினால் அசைவோ ஓசையோ எழலாகாது. கீல் தேய்ந்து இடைவெளி உண்டாயின், வெடிக்கும்போது தோட்டாவின் பித்தளை அடி பின்னோக்கிக் கிழிந்து, சூடான வாயு சுடுகிறவன் முகத்திலே பாயும். பித்தளைத் தகடு வைத்து அடைத்து விற்பதும் உண்டாதலால் அதனையும் கூர்ந்து நோக்குக. கட்டையின் கழுத்து விரிசலுற்றுக் கம்பி சுற்றியிருப்பின் அதுவும் குற்றமே.

குதிரையும் விசையும்

மிகுந்த அபாயம் மறைந்திருக்கும் இடம் இதுவே. மிகப் பழைய துப்பாக்கிகளில், குதிரை இறங்கியிருக்கும்போது அது ஊசியின் தலைமேலேயே அமர்ந்திருக்கும். உள்ளே தோட்டா இருக்குமாயின், பரணிலிருந்து துப்பாக்கி விழுந்து குதிரையில் அடிபட்ட மாத்திரத்தில் வெடிக்கும். விசையை ஒருவரும் தொடவேண்டுவதில்லை. 1860-களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில், அடித்தபின் தானே சற்றுப் பின்வாங்கி நிற்கும் குதிரை வழக்கத்துக்கு வந்தது. வாங்கும் துப்பாக்கியின் குதிரை அங்ஙனம் பின்வாங்கி நிற்கிறதா, பெருவிரலால் முன்னே தள்ளினால் ஊசியைத் தொடாமல் தடுபடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்து, மருந்தில்லாத பொய்த்தோட்டாவை இட்டு, குதிரையை முழுதும் ஏற்றி, விசையைத் தொடாமல் கட்டையின் அடியைக் கோணிமேல் இலேசாகத் தட்டுக. குதிரை இறங்கிவிட்டால் உள்ளிருக்கும் பல் தேய்ந்திருக்கிறது. பாதி ஏற்றிய நிலையிலும் இவ்வாறே பார்க்க; அந்நிலையில் விசையை அழுத்தினாலும் குதிரை இறங்கலாகாது. விசை சுமார் 4 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 1.8 கிலோ இழுப்புக்கு இணங்குவது வழக்கம். தொட்டவுடன் விழும் விசை இலகுவானதென்று மகிழத்தக்கதன்று, அஃது அபாயக்குறி.

குதிரை வெளியே தெரியாத துப்பாக்கிகளில் மேலுள்ள காப்புப்பித்தான் பலவற்றில் விசையை மட்டுமே தடுக்கும்; உள்ளே ஏறிநிற்கும் குதிரையைத் தடுப்பதில்லை. ஆகையால் பித்தானை நம்பித் தோட்டாவுடன் வேலி தாண்டுதல், வண்டியில் வைத்தல் முதலியன கூடா.

தோட்டாவும் மருந்தும்

12 போர்க் குழலின் உட்குறுக்களவு சுமார் 18.5 மில்லிமீட்டர், 20 போரினது சுமார் 15.6 மில்லிமீட்டர். ஆதலின் 20 போர்த் தோட்டா தவறி 12 போர்த் துப்பாக்கியில் விழுந்தால், அது முன்னே சறுக்கிக் குழலினுள் சிக்கிக்கொள்ளும். குழல் வெறுமையென்று எண்ணி, பின்னால் 12 போர்த் தோட்டாவை இட்டுச் சுட்டால் குழல் பிளக்கும். இரு வகைகளையும் ஒரே பையில் வைத்தல் ஆகாது. பழைய துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறை 65 மில்லிமீட்டர் நீளமே. 70 மில்லிமீட்டர்த் தோட்டாவின் வாய் மடிக்கப்பட்டிருப்பதால் அது அவ்வறையில் எளிதாக நுழையும். ஆனால் வெடிக்கையில் மடிப்பு விரிய இடமின்றி அழுத்தம் மிகும். நுழைவது கொண்டு பொருத்தமென முடிவு செய்யலாகாது.

வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியில் கருமருந்தன்றி வேறெதனையும் இடலாகாது. விசை இழுத்தும் வெடிக்கவில்லையெனில், வாயை ஆளில்லாத திசையிலேயே ஒரு நிமிஷமாவது வைத்திருந்து, அதன் பின்னரே திறக்கவோ கேப்பை நீக்கவோ வேண்டும். மருந்து சில வேளை தாமதித்துப் பற்றும்.

குற்றம் கண்டால்

குற்றமுள்ள துப்பாக்கியை ஊர்க்கொல்லனிடம் கொடுத்தல் தவறு. பல்லை அராவுதல் ஒரு மயிரிழை மிகுந்தாலும் விசை காவாது. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் சோதிக்கவும் லைசென்ஸ் வேண்டும். பிளந்த வாயை வெட்டிக் குழலைக் குறுக்குதலும் அச்சட்டத்தால் விலக்கப்பட்டது. தொழிலாளி “இது சுடத்தகாதது” என்று சொல்லுமாயின், விலை போயிற்றே என வருந்தாமல் அதனை விட்டுவிட வேண்டும்.

லைசென்ஸ் உள்ளவர் தம் துப்பாக்கியை விற்க எண்ணினால், ஜில்லா மாஜிஸ்திரேட்டுக்கோ அருகிலுள்ள காவல் நிலைய அதிகாரிக்கோ எழுத்து மூலம் அறிவித்து, 45 நாள் கழிந்த பின்னரே கொடுக்கலாம். வாங்குவோருக்கும் லைசென்ஸ் இருத்தல் வேண்டும். லைசென்சில் பெயர் இல்லாத கூலிக் காவற்காரனிடம் இரவில் துப்பாக்கியைக் கொடுத்தனுப்புதல் குற்றம். குற்றமுள்ள துப்பாக்கியாயின் அவன் குடும்பத்துக்கும் கேடு. பயிர்க்காவல் லைசென்ஸ் வேட்டை அனுமதியன்று என்பதையும் மறத்தலாகாது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மயில், காட்டுப்பன்றி முதலியவற்றுக்கும் உரியதே.

கிராம அதிகாரிகள், தம் எல்லையில் லைசென்ஸ்தாரர் காலமானால், வீட்டாருக்கு இவ்விஷயங்களை எடுத்துரைத்து, துப்பாக்கியைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்கச் செய்தல் நலம். சுவரில் தொங்கும் பழந்துப்பாக்கியைப் பிள்ளைகள் எடுத்து விளையாடுமுன் இது நடைபெற வேண்டும்.

ஒரு பருவத்து விளைச்சலைப் பன்றி தின்றால் மறு பருவத்தில் ஈடுசெய்யலாம். ஒரு தேய்ந்த பல்லினாலும் ஒரு குளவிக்கூட்டினாலும் நேரும் நஷ்டத்துக்கு ஈடு இல்லை. வாங்குமுன் செலவிடும் அரைநாள் வீண்நாள் அன்று.