ஜூடோ வகுப்பில் சேரும் முன்

பழைய ஜூஜுட்ஸு மாஸ்டர்களிடம் கற்றவற்றில் ஆபத்தானவற்றை ஒதுக்கி, 1882இல் டோக்கியோவில் கோடோகன் ஜூடோ பள்ளியைத் தொடங்கினார் கானோ ஜிகோரோ. அப்படி ஒதுக்கிய பிறகும், ஜப்பானியப் பள்ளிகளில் 1983 முதல் முப்பது ஆண்டுகளுக்குள் நூறு மாணவர்களுக்கு மேல் ஜூடோவில் உயிரிழந்தார்கள். பலருக்கும் தலையில் அடி. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளே அதிகம். அந்தச் சாவுகளை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

செய்ய வேண்டியவை

• முதலில் விழப் பழகுங்கள். இதற்கு உகெமி என்று பெயர். குந்திய நிலையில் தொடங்குங்கள். மல்லாக்க விழும்போது முகவாய் நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும். கண் உங்கள் பெல்ட் முடிச்சைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் பின்மண்டை தரையில் மோதாது. முதுகு மேட்டைத் தொடும் அதே நொடியில், கைகளை உடம்பிலிருந்து சற்றே விலக்கி, உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை படும்படி ஓங்கித் தட்டுங்கள். வாரக்கணக்கில் இதையே செய்யச் சொல்லும் மாஸ்டர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

• த்ரோ போடுகிறவர், எதிராளியின் சட்டைக் கையை மேல்நோக்கி இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். விழுகிறவரின் தலையைக் காப்பாற்றுவது அந்தப் பிடிதான்.

• மூட்டை மடக்கும் லாக் விழுந்ததும், தோல்வியை ஒப்புக்கொள்ளும் அடையாளமாக இரண்டு முறை தட்டிவிடுங்கள். வலி வரட்டும் என்று காத்திருந்தால் முழங்கை போய்விடும். கை மாட்டிக்கொண்டால் காலால் தட்டலாம், 'மைத்தா' (தோற்றேன்) என்று குரல் கொடுக்கலாம்.

• நகம் வெட்டுங்கள். மோதிரம், சங்கிலியைக் கழற்றிவிடுங்கள்.

செய்யக்கூடாதவை

• விழும்போது கையை ஊன்றாதீர்கள். மணிக்கட்டு முறியும்.

• உகெமி தெரியாதவர்மேல் ஓசோதோகாரி போடாதீர்கள். காலை வாரிப் பின்பக்கம் சாய்க்கும் இந்த த்ரோவில் பின்மண்டைதான் முதலில் தரைக்குப் போகும்.

• எதிராளியை இரு கால்களுக்கிடையே கத்தரிபோல் பிடித்து வீழ்த்தும் கானிபசாமி வேண்டவே வேண்டாம். 1980இல் ஜப்பானிய ஜூடோ சாம்பியன் யமஷிதா யசுஹிரோவுக்கே அதில் கால் எலும்பு முறிந்தது. போட்டிகளில் அதற்குத் தடை.

• தெருவில் தகராறு வந்தால் மடக்கிப் பார்க்கலாம் என்று நிற்காதீர்கள். அங்கே மேட் கிடையாது. கத்தியைக் கண்டால் ஓடிவிடுங்கள்.

• தலையில் அடிபட்ட பிறகு தலைவலியோ வாந்தியோ இருந்தால், மாஸ்டரே கூப்பிட்டாலும் மேட்டில் ஏறாதீர்கள். நேரே மருத்துவமனைக்குப் போங்கள். முதல் அடி ஆறுமுன் விழும் இரண்டாவது அடி, லேசானதாக இருந்தாலும் உயிரை எடுத்துவிடலாம்.