கணிப்பொறிக்குள் ஒரு கணக்கப்பிள்ளை

சென்ற ஆண்டு எங்கள் கணிப்பொறிக் கூடத்தில் படம் வரையும் மென்பொருள் ஒன்றை நிறுவ முயன்றோம். 'வேறொரு நிரல் தேவை' என்று கணிப்பொறி மறுத்துவிட்டது. அதைத் தேடிப் பிடித்து வைத்தோம். அதுவோ மூன்றாவதாக ஒன்றைக் கேட்டது. அதற்குள் மணியும் அடித்துவிட்டது! இந்தத் தொல்லையைத் தீர்க்கவே பேக்கேஜ் மேனேஜர் என்ற கருவி உள்ளது என்பதைப் பின்னர் அறிந்தோம். 'பொதி மேலாளர்' என்று அதனைத் தமிழில் கூறலாம்.

மென்பொருள் எதுவும் பெரும்பாலும் தனித்து நிற்பதில்லை. எழுத்தைக் காட்ட ஒரு நிரல், கோப்பைச் சுருக்க ஒரு நிரல் என்று பிறர் எழுதியவற்றை அது நம்பியிருக்கிறது. இவற்றைச் சார்புகள் என்பர். ஒவ்வொரு பொதியிலும் அதற்கு வேண்டிய சார்புகளின் பட்டியல் இருக்கும். மேலாளர் அதைப் படித்து, எந்தப் பதிப்பு எதனோடு ஒத்துப்போகும் என்று கணக்கிட்டு, அனைத்தையும் களஞ்சியத்திலிருந்து கொண்டுவந்து சேர்க்கும். நல்ல கணக்கப்பிள்ளை செய்யும் வேலைதான் இது.

1993-இல் அயன் மர்டாக் தொடங்கிய டெபியன் திட்டம், 1999-இல் வெளியிட்ட 2.1 பதிப்பில் 'ஆப்ட்' என்ற மேலாளரைச் சேர்த்தது. பெர்ல், பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் என்று மொழிக்கொரு மேலாளரும் உண்டாயின. வீட்டிற்குப் பத்துக் கணக்கப்பிள்ளைகள் இருந்தால் என்ன ஆகும்? ஆகவே எங்கும் செல்லுபடியாகும் பொது மேலாளரை அறிஞர்கள் நாடினர். நெதர்லாந்தில் ஈல்கோ டோல்ஸ்ட்ரா 2003-இல் தொடங்கிய 'நிக்ஸ்' அவற்றுள் ஒன்று. லினக்ஸ், மேக் இரண்டிலும் அது இயங்கும். ஒவ்வொரு பொதிக்கும் அது தனி அறை கொடுப்பதால், ஒரே நிரலின் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் சண்டையின்றி வாழும். ஆனால் வட்டில் இடத்தைத் தாராளமாக விழுங்கும், பழகுவதும் எளிதன்று.

இவ்வளவு வசதியிலும் ஆபத்து உண்டு. 'லெஃப்ட் பேட்' என்பது பதினொரே வரி கொண்ட ஜாவாஸ்கிரிப்ட் நிரல். 7 என்பதை 007 என்று இடப்புறம் நிரப்பித் தருவதே அதன் வேலை. 2016 மார்ச் 22 அன்று, ஒரு பெயர்த் தகராறினால் மனம் நொந்த அதன் ஆசிரியர், தம் நிரல்களை என்.பி.எம். களஞ்சியத்திலிருந்து விலக்கிக்கொண்டார். உலகெங்கும் எண்ணற்ற மென்பொருள்களை உருவாக்கும் பணி தடைபட்டது. களஞ்சியத்தார் அந்நிரலைச் சில மணி நேரத்தில் மீட்டு வைத்தனர். பின்னர், விலக்குவதற்கான விதிகளையும் இறுக்கினர்.

2024-இல் நிகழ்ந்ததோ இதனினும் கொடிது. கோப்புச் சுருக்கும் 'எக்ஸ்இசட்' நிரலுக்கு உதவ வந்த ஒருவர், ஈராண்டுக்கு மேல் நம்பிக்கை வளர்த்து, பிறகு அதில் கள்ளவழி ஒன்றை மறைத்து வைத்தார். பொதி மேலாளர்கள் அதையும் பணிவோடு சுமந்தன! வந்த பொருள் அனுப்பியவரின் பொருள்தானா என்று அவை முத்திரை பார்க்குமேயன்றி, அனுப்பியவரின் உள்ளத்தைப் பார்க்க இயலாது. ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், தொலைவிலிருந்து கணிப்பொறிக்குள் நுழைய அரை நொடி கூடுதலாவதைக் கவனித்துத் துருவியதால் குட்டு வெளிப்பட்டது. அப்போது அது பெரும்பாலும் சோதனைப் பதிப்புகளையே எட்டியிருந்தது.

இத்தகைய எச்சரிக்கைகள் நமக்கு எட்ட வேண்டுமே! அதற்கென்றே செய்தி மடல்கள் உள்ளன. 1998 முதல் வெளிவரும் எல்.டபிள்யூ.என். வார இதழ் அவற்றில் ஒன்று. முழுவதும் விளங்காவிட்டாலும் தலைப்புகளையேனும் படிக்கிறோம்.

இவ்வாண்டு அதே மென்பொருளை ஒரே கட்டளையில் வரவழைத்தோம். கூடவே வந்த சார்புகளின் பட்டியல் திரையைத் தாண்டி ஓடியது. மேலே தள்ளிப் பார்த்தோம். எக்ஸ்இசட்டின் பெயரும் அதில் இருந்தது. பதிப்பு எண்ணை இருமுறை படித்துவிட்டுத்தான் படம் வரைய அமர்ந்தோம்.