நான்குவழிச் சாலையும் தக்காளியின் விலையும்

கிருஷ்ணகிரி, பெருஞ்சாலைகள் கூடுமிடம். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையிலிருந்து, சென்னைக்குச் செல்லும் 48-ஆம் எண் சாலை இங்குதான் பிரிகிறது. பெங்களூரு ஏறத்தாழ 90 கி.மீ. தொலைவிலும், சென்னை ஏறத்தாழ 260 கி.மீ. தொலைவிலும் உள்ளன. 1999-இல் தொடங்கப்பட்ட தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் இப்பாதை அகலப்படுத்தப்பட்டது. மாலையில் ஏற்றும் காய்கறி, விடியுமுன் கோயம்பேட்டில் இறங்குகிறது.

இதனால் முதலில் பயனடைந்தவை ஆலைகளும் மொத்த வியாபாரமுமே. விவசாயியின் கணக்கு வேறு. நல்ல சாலை நமது சரக்கை வெளியே கொண்டு செல்வது போலவே பிற ஊர்ச் சரக்கையும் கொண்டு வருகிறது. கோலார் தக்காளியும் அதே இரவில் சென்னை சேர்ந்துவிடுவதால், அங்கு ஏறிய விலை நெடுநாள் நிற்பதில்லை.

அரை ஏக்கரில் தக்காளி பயிரிடுபவருக்குப் பெரிய இடையூறு வண்டி வாடகைதான். எடுத்துக்காட்டாக, சென்னைக்கு வாடகை 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் தனியாக 25 கிலோ பெட்டிகள் 12 மட்டும் ஏற்றினால் கிலோவுக்கு 20 ரூபாய் வாடகைக்கே போய்விடும். ஐந்து பேர் சேர்ந்து 60 பெட்டிகள் ஏற்றினால் கிலோவுக்கு 4 ரூபாய்தான். கூட்டுச் சேராதவர் களத்து மேட்டிலேயே வியாபாரியிடம் கொடுக்க வேண்டியதாகிறது. அப்போது சாலையின் இலாபம் வண்டி வைத்திருப்பவருக்கே சேரும்.

சேர்ந்து அனுப்புவோர் அறுவடைப் பருவத்தையும் ஒத்துக்கொள்ள வேண்டும். தொலைதூரச் சந்தைக்குக் காய்கள் நிறம் மாறத் தொடங்கும் தருணத்திலேயே பறித்தல் நலம். பாதி சிவந்தவை பக்கத்து ஊர்ச் சந்தைக்கு ஏற்றவை. நன்கு பழுத்தவற்றை அன்றே உள்ளூரில் விற்றுவிட வேண்டும். இம்மூன்றையும் ஒரே பெட்டியில் கலந்தால், நசுங்கிய சில பழங்களே முழுப் பெட்டியின் விலையையும் குறைத்துவிடும். பனி உலர்ந்த பின், வெயில் ஏறுமுன் பறித்து நிழலில் பரப்பிச் சூடு தணிய விட வேண்டும். மூங்கில் கூடைகளைவிடத் துளையுள்ள பிளாஸ்டிக் பெட்டிகள் மேலானவை. விளிம்புக்கு மேல் குவித்து நிரப்பினால் மேலுள்ள பெட்டி அழுத்தும். பலரும் செய்யும் தவறு இது.

கோயம்பேட்டு விலையைக் கேட்டவுடன் வண்டி பேசிவிடக் கூடாது. வாடகை, சுங்கம், ஏற்றிறக்குக் கூலி, தரகு, வழியில் கெடும் பழம் ஆகியவற்றைக் கழித்தபின் மிஞ்சுவதை, அன்று இராயக்கோட்டையில் கிடைக்கும் விலையோடு ஒப்பிட வேண்டும். வித்தியாசம் கிலோவுக்கு ஓரிரு ரூபாய்தான் என்றால், அன்றைக்கு இராயக்கோட்டையிலேயே விற்றுவிடலாம்.