டிராக்டரைப் பண்ணையிலேயே பராமரிக்கும் முறை

உழவு மாடு வைத்திருந்த குடியானவர், அது தீனியைக் குறைத்த அன்றே அதன் மூக்கையும் சாணத்தையும் பார்த்து நோயின் குறியை ஒருவாறு அறிந்துகொள்வார். வைத்தியரை அழைப்பது அதற்குப் பின்புதான். அதே குடியானவர் டிராக்டர் வாங்கிய பிறகு, அதை ஓட்டுவது டிரைவரின் வேலை, பழுது பார்ப்பது மெக்கானிக்கின் வேலை என்று ஒதுங்கிவிடுவதைப் பல கிராமங்களிலும் காணலாம். 1959-ஆம் வருஷத்தில் இந்தியாவிலேயே டிராக்டர் உற்பத்தி தொடங்கியது முதல் யந்திரங்கள் மிகப் பெருகியிருக்கின்றன. அவற்றைப் பேணும் பழக்கம் அந்த அளவுக்குப் பெருகியதாகத் தோன்றவில்லை. எஞ்சினை அதன் ஆயுளுக்கு முன்னதாகவே தேய்த்து அழிப்பவை பெரும்பாலும் தூசி, ஜலம், அழுக்கேறிய எண்ணெய் என்னும் மூன்றே. இவற்றைத் தடுப்பதற்குப் பட்டறை வேண்டியதில்லை. காலையில் கால் மணி நேரமும், சில ஸ்பானர்களும், ஒரு கிரீஸ் கன்னும், சுத்தமான துணியும் இருந்தால் போதும்.

டிராக்டர் பழுதாவதால் உண்டாகும் நஷ்டம் பட்டறைக் கூலி மாத்திரமன்று. காவிரிப் பாசனப் பகுதியில் மேட்டூர் அணை வழக்கமான தேதியாகிய ஜூன் 12-இல் திறக்கப்பட்டு வாய்க்காலில் தண்ணீர் வந்தவுடன், ஊரிலுள்ள எல்லா நிலங்களுக்கும் ஒரே சமயத்தில் சேற்றுழவு வேண்டியிருக்கும். குறுகிய கால நெல்லின் நாற்று 20 முதல் 25 நாள் வயதில் நடப்பட வேண்டியது. அந்த வாரத்தில் எஞ்சின் நின்றால் மெக்கானிக்கும் கிடைக்கமாட்டார்; வாடகை டிராக்டரும் கிடைக்காது; நாற்று முற்றிப்போகும். கடன் வாங்கி டிராக்டர் வாங்கியவருக்குத் தவணை மட்டும் நில்லாமல் வந்துகொண்டே இருக்கும்.

டிராக்டரின் பராமரிப்பு நாட்கணக்கில் அன்று, ஓடிய மணிக்கணக்கில் செய்யப்பட வேண்டியது. ஆகையால் மணி காட்டும் மீட்டர் பழுதின்றி இருப்பது அவசியம். யந்திரத்துடன் கம்பெனியார் கொடுத்த கையேட்டைப் பெட்டியில் பூட்டிவிடாமல் டிரைவர் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும். கீழே சொல்லப்படும் அளவுகள் பொதுவானவை. கையேட்டில் வேறு அளவு காணப்பட்டால் அதையே கொள்ளவேண்டும்.

முதலாவதாகக் கவனிக்க வேண்டியது காற்று. டீசல் எஞ்சின் எண்ணெயைக் காட்டிலும் பன்மடங்கு அதிகமாகக் காற்றை விழுங்குகிறது. இரண்டரை லிட்டர் கொள்ளளவுள்ள எஞ்சின் நிமிஷத்துக்கு 2,000 சுற்று ஓடினால், ஒரு மணி நேரத்தில் அது இழுக்கும் காற்று 1,00,000 லிட்டருக்கு மேற்படும். கரிசல் நிலத்தில் கோடையுழவு செய்யும்போதும், காய்ந்த நிலத்தில் ரோட்டவேட்டர் ஓட்டும்போதும் அந்தக் காற்று முழுவதும் புழுதியாகவே இருக்கும். அதிலுள்ள மணல் துகள் சிலிண்டரின் இரும்பைவிடக் கடினமானது. அது உள்ளே புகுந்தால், எண்ணெயுடன் கலந்து அரைக்கும் மாவுபோல் சிலிண்டரையும் பிஸ்டன் வளையங்களையும் அறுத்துவிடும். இதைத் தடுப்பதற்கென வைக்கப்பட்டுள்ளதே ஏர் கிளீனர்.

அநேக டிராக்டர்களில் இருப்பது எண்ணெய்க் கிண்ணம் கொண்ட ஏர் கிளீனராகும். புழுதி மிகுந்த காலத்தில் இதைத் தினந்தோறும் திறந்து பார்க்கவேண்டும். கிண்ணத்தின் அடியில் சேறு படிந்திருந்தாலும், எண்ணெய் குழம்புபோல் தடித்திருந்தாலும், அதைக் கொட்டிக் கழுவித் துடைத்து, எஞ்சினுக்கு ஊற்றும் எண்ணெயையே குறியளவு வரையில் ஊற்றவேண்டும். குறைவாக ஊற்றினால் தூசி தங்காது. நிறைய ஊற்றினால் நல்லதென்று சிலர் எண்ணுகின்றனர். அது பெரும் பிசகு. குறிக்கு மேற்பட்ட எண்ணெய் காற்றுடன் எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டு எரியும். சில வேளைகளில் எஞ்சின் கட்டுக்கடங்காமல் வேகமெடுத்துவிடுவதும் உண்டு. காகித வடிகட்டி உள்ள டிராக்டர்களில் அதை மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவக்கூடாது. உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகக் குறைந்த அழுத்தத்தில் காற்றடித்துத் தூசியை நீக்கலாம். கிழிசல் இருந்தால் எவ்வளவு சிறியதாயினும் புதிது போடவேண்டும்.

ஏர் கிளீனர் சுத்தமாயிருந்தும் அதிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் ரப்பர் குழாய் வெடித்தோ, அதன் கவ்வி தளர்ந்தோ இருந்தால் பயன் ஒன்றுமில்லை. எஞ்சினை நிறுத்திவிட்டு அக்குழாயைக் கழற்றி உட்புறம் விரலால் தடவிப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும். விரலில் புழுதி ஒட்டினால், அந்தப் புழுதி எஞ்சினுக்குள்ளும் போய்க்கொண்டிருக்கிறது என்றே அறிய வேண்டும். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிஷம் ஆகாது. இதைச் செய்யாமல் விட்டு, ஏர் கிளீனரை மட்டும் பளபளவென்று துடைத்து வைப்பவர்கள் பலர்.

அடுத்தது எஞ்சின் எண்ணெய். காலையில் எஞ்சினை முடுக்குவதற்கு முன், டிராக்டர் சமதரையில் நிற்கும்போது அளவுக்கோலை உருவித் துடைத்து, மறுபடியும் செருகி எடுத்துப் பார்க்கவேண்டும். இரு குறிகளுக்கும் இடையில் எண்ணெய் நிற்பது சரி. எண்ணெய் கறுத்திருப்பது கண்டு அஞ்ச வேண்டியதில்லை. டீசல் எஞ்சினில் அது விரைவிலேயே கறுக்கும். ஆனால் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் ஜலம் புகுந்துவிட்டது என்பதற்கு அடையாளம். ஊற்றாமலே அளவு ஏறியிருந்தால் டீசலோ ஜலமோ கசிந்து கலந்திருக்கலாம். இந்த இரண்டு நிலைகளிலும் எஞ்சினை ஓட்டாமல் மெக்கானிக்கை அழைப்பதே முறை. எண்ணெய் மாற்றும் காலம் பல டிராக்டர்களுக்கு 250 மணியாகும். புதிய டிராக்டருக்கு முதல் மாற்றம் இதற்கு வெகு முன்னதாகவே வரும். எஞ்சின் சூடாக இருக்கும்போதே பழைய எண்ணெயை வடித்தால்தான் அழுக்கும் சேர்ந்து வெளியேறும். கையில் சுட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எண்ணெய் மாற்றும்போது அதன் பில்டரையும் மாற்றாவிட்டால், சுத்தமான எண்ணெயை அழுக்குப் பாத்திரத்தில் ஊற்றியதற்கு ஒப்பாகும். வடித்த எண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ கொட்டலாகாது. அதைப் பழைய கேனில் சேர்த்து வைத்து, பழைய எண்ணெய் வாங்குவோரிடம் கொடுத்துவிடலாம்.

டீசலைப் பொறுத்தவரை ஜலமே பகை. மாலையில் வேலை முடிந்ததும் டாங்கியை நிரப்பிவிடுவது நல்ல வழக்கம். பாதி காலியாக விட்டால் இரவுக் குளிரில் உள்ளிருக்கும் காற்றின் ஈரம் துளித்துளியாக டீசலில் இறங்கும். பீப்பாயில் வாங்கி வைப்பவர்கள் ஒரு நாள் அசையாமல் நிறுத்தி வைத்து, அடியிலிருக்கும் வண்டலைக் கலக்காமல் மேலிருந்து எடுக்கவேண்டும். துத்தநாகம் பூசிய வாளியில் டீசலைச் சேமித்து வைத்தல் தகாது. பில்டரின் அடியிலுள்ள கிண்ணத்தில் ஜலம் தென்பட்டால் அதன் திருகைத் தளர்த்தி வடித்துவிடலாம்.

டீசல் தீர்ந்து எஞ்சின் நின்றுபோனால், மறுபடி ஊற்றினாலும் குழாயில் காற்று அடைத்துக்கொள்வதால் எஞ்சின் எடுப்பதில்லை. இந்தக் காற்றை நீக்குவதற்காகவே வயலில் அரைநாள் காத்திருப்பவர்கள் உண்டு. பழைய அமைப்புள்ள எஞ்சின்களில் இது எளிய வேலை. பில்டரின் மேலுள்ள சிறு திருகைத் தளர்த்தி, கைப் பம்பை அடித்துக்கொண்டே இருந்தால் முதலில் நுரையும் பிறகு குமிழியில்லாத டீசலும் வரும். அப்பொழுது திருகை இறுக்கிவிட வேண்டும். வேலை இவ்வளவோடு நிற்கவேண்டும். இன்ஜெக்டருக்குச் செல்லும் மெல்லிய இரும்புக் குழாய்களில் கசிவு இருக்கிறதா என்று, எஞ்சின் ஓடும்போது கையால் தடவிப் பார்ப்பது மிகவும் அபாயம். அங்கு பீறிடும் டீசல் ஊசியைப்போல் தோலைத் துளைத்து உள்ளே செல்லும். காயம் கொசுக்கடி அளவே தெரியும். நோவும் முதலில் அதிகமிராது. ஆயினும் சில மணி நேரத்துக்குள் சிகிச்சை கிடைக்காவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடும். இவ்விதம் நேர்ந்தால் தாமதியாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சென்று நடந்ததைச் சொல்லவேண்டும். 50 குதிரைச் சக்திக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் கடுமையான புகை விதிகள் அமுலாகியிருக்கின்றன. அவற்றுக்கேற்ப மின்னணுக் கட்டுப்பாட்டுடன் செய்யப்பட்ட எஞ்சின்களில் டீசல் குழாய்களைப் பண்ணையில் அவிழ்க்கவே கூடாது.

ரேடியேட்டரில் தண்ணீரைக் காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். சூடாக இருக்கையில் மூடியைத் திறந்தால், அழுத்தத்தில் அடைபட்ட கொதிநீர் முகத்தில் பீறிடும். உப்புக் கிணற்றுத் தண்ணீரையும் ஆழ்துளைக் கிணற்றின் கடின ஜலத்தையும் ஊற்றினால் உள்ளே சுண்ணாம்பு படிந்து, சூடு தணியாமல் போகும். கம்பெனியார் குறித்த கூலண்ட் கலவையே உத்தமம். வெளிப்புறத்தில் ரேடியேட்டர் இடுக்குகளில் அடையும் வைக்கோல் தூசியை, கதிரடிக்கும் காலத்தில் தினமும் நீக்கவேண்டும். விசிறி பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ 10 முதல் 12 மில்லிமீட்டர் தாழ்வது போதுமான தளர்ச்சி.

சேற்றுழவு டிராக்டருக்கு ஒரு சோதனைக் காலம் எனலாம். கேஜ் வீல் போட்டு நாள் முழுதும் சேற்றில் ஓடும்போது முன் அச்சு, சக்கரக் குடம், பிரேக் ஆகிய எல்லா இடங்களிலும் சேறு நுழையப் பார்க்கும். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்தபின் வண்டியைக் கழுவி, கிரீஸ் நிப்பிள்களைத் துடைத்து, சேறு கலந்த பழைய கிரீஸ் வெளியே வந்து புதிய கிரீஸ் தெரியும் வரையில் அடிக்க வேண்டும். துடைக்காமல் அடித்தால் நிப்பிளில் ஒட்டிய மண்ணையே உள்ளே செலுத்தியதாகும். பல டிராக்டர்களில் கிளட்ச் அறையின் அடியில் ஒரு துவாரம் உண்டு. சேற்றில் இறங்குமுன் அதற்குரிய அடைப்பானைப் போடவேண்டும். சேற்றுழவு முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். கழற்ற மறந்தால், கசியும் எண்ணெய் வெளியேற வழியின்றிக் கிளட்ச் தட்டில் பட்டு அதைக் கெடுக்கும்.

பேட்டரிக்குக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரைத் தவிர வேறு தண்ணீர் ஆகாது. அதன் அருகில் பீடி, தீக்குச்சி கூடாது, ஏனெனில் அதிலிருந்து எழும் வாயு வெடிக்கக்கூடியது. டயர்க் காற்றை வாரம் ஒருமுறை அளந்து பார்த்தால் போதும்.

புகையின் நிறத்தைக் கவனிக்கும் பழக்கம் எல்லோருக்கும் வேண்டும். கறும்புகை காற்று போதாமையையோ பாரம் மிகுதியையோ காட்டும். நீலப்புகை எஞ்சின் எண்ணெய் எரிவதைக் காட்டும். சூடேறிய பின்னும் வெண்புகை நீடித்தால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது ஜலம் புகுகிறது என்று கொள்ளலாம். கறும்புகைக்கு ஏர் கிளீனரைச் சுத்தம் செய்து பார்ப்பது உடையவர் செய்யத்தக்கது. மற்ற இரண்டும் நீடித்தால் மெக்கானிக்கிடம் விடவேண்டியவை. டீசல் பம்பின் முத்திரையை உடைத்து வேகத்தைக் கூட்டித் தருவதாகச் சொல்லுவோரை அணுகவிடலாகாது.

உயிருக்கு அபாயமான இடங்கள் இரண்டு உண்டு. பி.டி.ஓ. தண்டு சுழலும்போது அதன் அருகே வேட்டியுடனோ துண்டுடனோ குனிவது மரணத்தை அழைப்பதாகும். காவல் மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு வேலை செய்வது நம் பக்கத்தில் சாதாரணமாகிவிட்டது, இது கண்டிக்கத்தக்கது. மற்றொன்று பிரேக். வயலில் திரும்புவதற்காகப் பிரித்து வைக்கும் இரு பிரேக் மிதிகளையும், சாலைக்கு வருமுன் ஒன்றோடொன்று பூட்டவேண்டும். பூட்டாமல் வேகத்தில் ஒன்றை மிதித்தால் டிராக்டர் ஒரு பக்கமாக இழுத்துக் கவிழும்.

கூட்டுறவுச் சங்கத்தின் டிராக்டரும் குழுவாக வாங்கிய டிராக்டரும் பலர் கையில் மாறுவதால், பராமரிப்பு யார் பொறுப்பென்று தெரியாமல் கெடுகின்றன. சங்க நிர்வாகிகளும் கிராம அதிகாரிகளும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, நாள், மீட்டர் மணி, ஊற்றிய டீசல், எண்ணெய் பார்த்தவர் கையெழுத்து என்ற நான்கு கலங்களை எழுதச் செய்தால் போதுமானது. மணி மீட்டரும் டீசலும் ஒவ்வாதபோது கேள்வி கேட்கவும் இதுவே ஆதாரமாகும்.

அறுவடைக்குப் பின் சில வாரம் நிறுத்தி வைப்பதானால், கழுவி உலர்த்தி, எண்ணெய் மாற்றி, டாங்கியை நிரப்பி, மழை படாத கொட்டகையில் நிறுத்தவேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்றி, திரும்பப் பூட்டும்போது அதைக் கடைசியில் பூட்டவேண்டும். வைக்கோற்போருக்கு அருகில் நிறுத்தினால் எலிகள் வயர்களைக் கடித்துவிடும். ஏர் கிளீனர் குழாயில் கூடு கட்டுவதும் உண்டு. ஆகையால் மறுபடி முடுக்குமுன் அதை ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும்.