நுண்நெகிழியும் பச்சிளங்குழந்தையும்

(உரைநடை)

திருவனந்தபுரம் மாவட்டத்தில், பொன்முடி மலையடிவாரத்தில் ஓடுவது கல்லாறு. மலையிலிருந்து உருண்டு வந்த பாறைகள் நீரில் தேய்ந்து, வழவழப்பான கூழாங்கற்களாக அங்குக் கிடக்கின்றன. தேயும் கல் மணலாகும். ஆற்றில் எறியப்படும் நெகிழிப் புட்டியும் வெயிலாலும் நீராலும் சிதையும். ஆனால், அது மண்ணோடு மண்ணாவதில்லை. மேன்மேலும் சிறிய துகள்களாகவே உடையும். 5 மில்லிமீட்டருக்கும் குறைந்த இத்துகள்களே நுண்நெகிழி எனப்படும்.

நுண்நெகிழி நம் வீட்டிற்குள்ளும் உருவாகிறது. அயர்லாந்தின் டப்ளின் டிரினிட்டி கல்லூரி அறிஞர்கள், பாலிபுரோப்பிலீன் என்னும் நெகிழியாலான பால்புட்டிகளை ஆராய்ந்து 2020ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். வெந்நீரில் பால்மாவு கலக்கும் முறையில், ஒரு லிட்டருக்கு 1.6 கோடித் துகள்கள் வரை வெளிப்பட்டன. நீரின் வெப்பம் மிகுந்தபோது துகள்களும் மிகுந்தன. இத்தாலியில் ஆராயப்பட்ட ஆறு நஞ்சுக்கொடிகளுள் நான்கில் நுண்நெகிழி இருந்ததாக 2021ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு கூறியது.

நெகிழியில் சேர்க்கப்படும் வேதிப்பொருள்களும் கவலைக்குரியவை. பிஸ்பீனால் ஏ, தாலேட்டுகள் ஆகியவை உடலின் இயக்குநீர்களை ஒத்தோ தடுத்தோ செயல்படக்கூடியவை. மூளை முதலிய உறுப்புகள் வளரும் பருவத்தில் அவ்வளர்ச்சியை நெறிப்படுத்துபவை இயக்குநீர்களே. மேலும், குழந்தை தன் உடல் எடைக்கு ஏற்பப் பெரியவர்களைவிட மிகுதியாகப் பருகுகிறது. நுண்நெகிழியின் தீங்கு எவ்வளவு என்பதை அறிவியல் இன்னும் அறுதியிட்டுக் கூறவில்லை. எனினும், வருமுன் காப்பது அறிவுடைமை அன்றோ? கனடா 2010ஆம் ஆண்டில் பிஸ்பீனால் ஏ கலந்த பால்புட்டிகளைத் தடைசெய்தது. இந்தியத் தர நிர்ணய அமைவனமும் 2015ஆம் ஆண்டில் பால்புட்டிகளில் அதனை விலக்கியது.

நம் பாட்டிமார் பாலாடையில் பால் புகட்டினர். கேரளத்தில் அதனைக் கோகர்ணம் என்பர். நாமும் கண்ணாடி, எவர்சில்வர் கலங்களைப் பயன்படுத்தலாம். நெகிழிப் புட்டியே உள்ளதெனில், கொதிநீரில் தூய்மை செய்து ஆறியபின், நெகிழி அல்லாத கலத்தில் காய்ச்சி ஆறவைத்த நீரால் அதனை அலசுக. பால்மாவையும் அத்தகைய கலத்தில் வெந்நீர் விட்டுக் கரைத்து, இளஞ்சூட்டிற்கு ஆறியபின் புட்டியில் ஊற்றுக. தூய்மையில் மட்டும் குறை வைத்தல் கூடாது. தம்பி தங்கையர் உள்ள வீட்டில் இதனைப் பெற்றோரிடம் எடுத்துரைப்பது உங்கள் கடமை.

சொற்பொருள்
நெகிழி – பிளாஸ்டிக்
இயக்குநீர் – ஹார்மோன்
நஞ்சுக்கொடி – கருவிலுள்ள குழந்தைக்குத் தாயிடமிருந்து ஊட்டம் சேர்க்கும் உறுப்பு
பாலாடை – குழந்தைக்குப் பால் புகட்டும் மூக்குடைய சிறு கிண்ணம்

பயிற்சி
1. ஆற்றில் கிடக்கும் கல்லும் நெகிழியும் சிதைவதில் உள்ள வேறுபாடு யாது?
2. நெகிழியின் தீங்கு குழந்தைகளுக்கு மிகுதி எனக் கருதப்படுவது ஏன்? இரு காரணங்கள் எழுதுக.
3. கல் + ஆறு = கல்லாறு. இவ்வாறே சேர்த்து எழுதுக: மண் + ஓடு, பல் + இளிப்பு.
4. உம் வீட்டுச் சமையலறையில் உணவைச் சூடாக வைக்கும் நெகிழிக் கலங்களைக் கணக்கிட்டு, அவற்றுக்கு மாற்றாக எவற்றைப் பயன்படுத்தலாம் என ஐந்து வரிகளில் எழுதுக.